நூத்துக்கு நூறு பேனரும் ஒன்பதாம் வகுப்பு டிசியும்

கோடை உழவுக்கு டிராக்டர் சொல்லிட்டு வரலாம்னு போன வாரம் விளாத்திகுளம் போயிருந்தேன். பஸ்சை விட்டு இறங்கினா எந்தப் பக்கம் திரும்பினாலும் பேனர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து நாலு நாள்தான் ஆயிருந்தது. கல்யாணப் பேனர், காதுகுத்துப் பேனர் எல்லாத்தையும் ஓரங்கட்டிட்டு பள்ளிக்கூடங்கள் நிக்குது. "நூறு சதவீதத் தேர்ச்சி", "தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக நூறு சதவீதம்". நடுவில் கலெக்டர் கையால் கேடயம் வாங்குற போட்டோ.

அதில் ஒரு பேனரை மட்டும் கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். எங்க ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்பதாவது வரை படிச்சாங்க. பேனரில் இருக்கிற வகுப்பு போட்டோவில் அவங்க யாரும் இல்லை. போன வருஷமே டிசி கையில் கொடுத்து அனுப்பிட்டாங்க. அவங்களையும் சேர்த்து எண்ணினா அந்த நூறு, நூறா இருக்காது. (பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். அது ஒண்ணு மட்டும் செய்யுற வேலையா இருந்தா சொல்லியிருப்பேன்.)

டீக்கடையில் இதைச் சொன்னதும் ஒரு அண்ணாச்சி உடனே, "அதுக்குப் பள்ளிக்கூடம் என்னய்யா செய்யும்? வீடு சரியா இருந்தா பிள்ளை படிக்கும். அப்பன் குடிச்சிட்டுக் கெடந்தா வாத்தியார் என்ன செய்வாரு?" என்றார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. இந்தப் பேச்சை நான் நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டு வாரேன். இதில் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியை எழுதத்தான் இந்தப் பதிவு.

எங்க வீட்டையே சொல்லுதேன். எனக்கு மூத்தவ ஒரு அக்கா. என்னை விட ஆறு வயசு பெரியவ. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஓலைக்கூரை, ஒரே மானாவாரிக் கரிசல். படிப்பில் அவ என்னை விடக் கெட்டிக்காரி. வாய்ப்பாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். அவ அஞ்சாவதோடு நின்னுட்டா. நான் பத்தாவது தாண்டி பன்னெண்டு வரைக்கும் போனேன். வீடுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும்னா, இது எப்படி நடந்தது?

அவ அஞ்சாவது முடிச்ச சமயத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சோடு முடிஞ்சிரும். மத்தியானச் சோறும் அஞ்சோடு முடிஞ்சிரும். ஆறாவதுக்கு நாலு மைல் நடக்கணும். ஆனா காலையில் விடியுறதுக்கு முன்னாடியே கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள்ள வந்து ஹாரன் அடிக்கும். பள்ளிக்கூடம் நாலு மைலுக்கு அப்பால், தீப்பெட்டி ஆபீஸ் வாசலில். எங்க அம்மா கெட்டவ இல்லை, கணக்குத் தெரிஞ்சவ. அக்கா பஸ் ஏறினா. சட்டத்தில் குச்சி அடுக்கி அவ கொண்டு வந்த காசில்தான் எனக்கு நோட்டும் சிலேட்டும் வந்தது. நம்ம பக்கத்துக் கிராமங்களில் ஐம்பது வயசு தாண்டின பொம்பளைங்களைக் கேட்டுப் பாருங்க, பாதிப்பேர் இந்தக் கதைதான் சொல்லுவாங்க.

நான் ரெண்டாவது படிக்கும்போது, 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவு வந்தது. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். 1984-ல் பெரிய வகுப்புகளுக்கும் நீட்டினாங்க. அதனால் நான் ஆறாவதுக்குப் போனப்போ மத்தியானத் தட்டு என் கூடவே வந்தது. சைக்கிளும் ஒண்ணு வீட்டுக்கு வந்திருந்தது. ஆம்பளப் பையன்னு ஒரு சலுகையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனா எங்க அம்மாவோட கணக்கு மாறினதுக்குப் பெரிய காரணம் அந்தத் தட்டுதான். வீடு மாறலை. அதே வீடு, அதே வறுமை. வெளியே ஒரு விதி மாறினது, பிள்ளையோட பாதை மாறிருச்சு.

இந்த விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் தொடங்கி வைச்ச இடம் எட்டயபுரம். எங்க ஊரில் இருந்து பஸ்சில் போற தூரம்தான். எல்லாரும் பாரதி மணிமண்டபத்தைப் பார்த்துட்டு வாராங்க, இதை யாரும் சொல்லுறதில்லை. அப்போ பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அந்தத் திட்டத்தை ஊர்க்காரங்க கொடுக்குற அரிசி பருப்பையும் சேர்த்துக்கிட்டு நடத்தினார். காமராசருக்கு இது படிச்சு வந்த யோசனை இல்லை. சின்ன வயசிலேயே அப்பா செத்து, படிப்பை விட்டுட்டு மாமா ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்னவர் அவர். அவர் படிச்ச விருதுநகர்ப் பள்ளிக்கூடமே வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்தின பள்ளிக்கூடம்.

அதுக்கு முன்னாடி நடந்ததையும் நினைவு வைச்சுக்கணும். 1953-ல் ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ ஒரு திட்டம் கொண்டு வந்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளை பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கத்துக்கணும். குலக்கல்வின்னு சொல்லி ஊரே எதிர்த்தது. 1954-ல் காமராசர் வந்ததும் முதல் வேலையா அதை எடுத்தார். வீட்டு நிலைமை பிள்ளை தலையெழுத்துன்னு அரசாங்கமே சட்டம் எழுதின மாதிரி இருந்தது அது. ரெண்டு முதலமைச்சர்களும் பார்த்தது அதே ஏழை வீட்டைத்தான். ஒருத்தர் பிள்ளையை அந்த வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பினார். இன்னொருத்தர் அந்த வீட்டில் எது இல்லையோ அதைக் கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் வைச்சார்.

என் மச்சான் ஒருத்தர் காலேஜில் வாத்தியார். பொங்கலுக்கு வந்திருந்தப்போ இதைப் பத்திப் பேச்சு வந்தது. அமெரிக்காவில் 1966-ல் ஜேம்ஸ் கோல்மன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் பெரிய ஆய்வு ஒண்ணு செஞ்சாராம். சுமார் 4,000 பள்ளிக்கூடம், ஆறு லட்சத்துக்கும் மேலே பிள்ளைகள். பள்ளிக்கூடக் கட்டடம், லேப், புத்தகம் இதெல்லாம் மார்க்கில் காட்டுற வித்தியாசத்தை விட, குடும்பப் பின்னணி காட்டுற வித்தியாசம் பெரிசுன்னு அதில் வந்ததாம். "பார்த்தீங்களா, டீக்கடை அண்ணாச்சி சொன்னதுதான்" அப்படின்னேன். "இருங்க, முழுசாக் கேளுங்க"ன்னு மச்சான் சொன்னார். அதே அறிக்கையில் இன்னொண்ணும் இருக்காம். பின்தங்கின வீட்டுப் பிள்ளைகளோட படிப்பு, வசதியான வீட்டுப் பிள்ளைகளோட படிப்பை விட, பள்ளிக்கூடத்தை அதிகமா நம்பி இருக்குன்னு. கூடப் படிக்கிற பிள்ளைகள் யாருங்கிறதும் ரொம்ப முக்கியமாம்.

இது எனக்கு உடனே புரிஞ்சது. கிணறு வைச்சிருக்கிறவனுக்கு ஐப்பசி மழை ஒரு வாரம் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது. மோட்டாரைப் போடுவான். மானாவாரிக்காரனுக்கு அந்த ஒரு வாரத்தில் உளுந்தும் போச்சு, பாசியும் போச்சு. மழை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், நம்பிக்கைதான் வேற. டவுனில் டியூஷன் வைச்சிருக்கிற பிள்ளைக்கு வாத்தியார் ஒரு மாசம் வரலைன்னாலும் ஓடும். எங்க ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கில வாத்தியார் பணியிடம் காலியா இருந்தா அந்த வருஷம் ஆங்கிலமே இல்லை. வீட்டில் வேற கிணறு கிடையாது.

வீட்டுப் பக்கம் தப்பே இல்லைன்னு நான் சொல்ல வரலை. என் பக்கத்தில் இருந்தே தொடங்குதேன். எங்களுக்கு மிளகாய்ப்பழம் எடுப்பு மாசி, பங்குனி. பரீட்சையும் அப்பத்தான். பழம் செடியில் காத்திருக்காது, வெயிலில் வெளுத்துப் போகும், வத்தலுக்கு விலை போகும். ஆள் கிடைக்காது. வார பொம்பளைங்க, "அண்ணாச்சி, மகளையும் கூட்டிட்டு வாரேன், அரைக் கூலி போடுங்க"ன்னு கேப்பாங்க. நான் போட்டிருக்கேன். ஒரு வருஷம் இல்லை, மூணு நாலு வருஷம். சனி ஞாயிறுதானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதில் ஒரு பிள்ளை திங்கக்கிழமையும் வந்தா. நான் கேக்கலை. பழம் நிறைய இருந்தது. அந்தப் பிள்ளை அந்த வருஷம் பன்னெண்டாவது எழுதலை. இப்போ கல்யாணமாகி சாயல்குடிப் பக்கம் இருக்கா. பார்த்தா "நல்லாயிருக்கீங்களா மாமா"ன்னு கேப்பா. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியலை.

வீடுன்னு நாம சொல்லுற அந்த வார்த்தைக்குள்ள இப்படி என்னை மாதிரி ஆள்களும் இருக்கோம். அம்மா அப்பா மட்டும் இல்லை.

இப்போ டிசி விஷயத்துக்கு வாரேன்.

எங்க தெருவில் ஒரு பையன். அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போறவங்க. ஒரு இடத்தில் மூட்டம் போட்டா வாரக்கணக்கில் அங்கேயே குடிசை போட்டு இருக்கணும். நெருப்பை விட்டுட்டு வர முடியாது. பையன் ஆச்சி கூட இருப்பான். ஆச்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தண்ணி பிடிக்கிறது, ரேஷன் வாங்குறது எல்லாம் அவன்தான். வாரத்தில் ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகலைன்னா அதிசயம் இல்லை. ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிஞ்சதும் அம்மாவை வரச் சொல்லி ஆள் விட்டிருக்காங்க. அந்தம்மா என்கிட்ட வந்து, "அண்ணாச்சி, ஒரு எட்டு வாங்க. அங்க போனா எனக்கு வாய் வர மாட்டேங்கு" என்றா.

போனேன். தலைமையாசிரியர் மரியாதையாத்தான் பேசினார். "அய்யா, உங்களுக்குத் தெரியாததில்லை. இவன் பத்தாவது வந்தா தேற மாட்டான். இப்பவே வேற எங்கயாவது சேத்துட்டா அவனுக்கும் நல்லது, டுட்டோரியல் போட்டுத் தனியா எழுதட்டும்." டிசி எழுதித் தயாரா இருந்தது. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பெற்றோரே கேட்டு வாங்கின மாதிரி ஒரு விண்ணப்பமும் அவங்களே எழுதி வைச்சிருந்தாங்க.

ஏன் ஒன்பதாவதில்? இங்கதான் சட்டத்தோட வேலை இருக்கு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயசில் இருந்து பதினாலு வயசு வரை, எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் பிள்ளைக்குக் காவல் நிக்குது. அது முடியுற வரைக்கும் பள்ளிக்கூடம் பிள்ளையை வெளியேத்தக் கூடாது. ஒன்பதாவதில் கால் வைச்சதும் அந்தக் காவல் இல்லை. அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. நடுவில் இருக்கிற இந்த ஒரு வருஷம்தான் சல்லடை. நம்ம வயலில் எந்த வேலி எங்க முடியுதுன்னு ஆட்டுக்குத் தெரியும். அது மாதிரி இதுவும்.

தலைமையாசிரியரை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் நகர மாட்டேன். தேர்ச்சி குறைஞ்சா அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். கூட்டத்தில் எழுப்பி நிக்க வைச்சுக் கேப்பாங்க. பாட வாத்தியாருக்கும் அதே கதி. ஒன்பதாவதில் ஒரு பிள்ளை காணாமல் போனா அந்த அளவுக்கு யாரும் கேக்குறதில்லை. தேர்ச்சி சதவீதம்னா பரீட்சை எழுதினவங்களில் எத்தனை பேர் பாஸ். எழுதாதவங்க அந்தக் கணக்கிலேயே வர மாட்டாங்க. விதைச்சது பத்து ஏக்கர், படைப்புழு தின்னது போக அறுத்தது ஆறு ஏக்கர்னு வைங்க. அறுத்த ஆறு ஏக்கருக்கு மட்டும் மகசூல் கணக்குப் போட்டு, "அமோக விளைச்சல், உனக்கு இன்சூரன்ஸ் கிடையாது"ன்னு சொன்னா நாம கலெக்டர் ஆபீஸ் வாசலில் படுத்துருவோம். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அதே கணக்குக்குப் பேனர் வைக்கிறோம்.

கணக்கு எடுக்க முடியாதுன்னு சொல்ல முடியாது. எமிஸ்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணாவதில் சேரும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர். டிசி கொடுத்தா அந்தப் பேர் காமன் பூலுக்குப் போகுது, வேற பள்ளிக்கூடம் எடுத்துக்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கும். ஆறாவதில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதினாங்க, எத்தனை பேர் பாஸ், இதை அந்தக் கம்ப்யூட்டரே சொல்லும். அந்த நம்பரைப் பேனரில் போடச் சொல்லணும். கேடயமும் அதுக்குத்தான் கொடுக்கணும்.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னும் சொல்லக் கூடாது. நல்லது செஞ்சா நல்லதுன்னு எழுதணும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கின காலை உணவுத் திட்டம் அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. எங்க ஊர் டீச்சர் சொல்லுதாங்க, முதல் பீரியடில் தலையைத் தொங்கப் போட்டு உக்காருற பிள்ளை குறைஞ்சு போச்சுன்னு. ஆனா பாருங்க, நம்ம மாவட்டத்தில் நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம்னு மிஷன் காலத்தில் இருந்தே உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் அதிகம். கூலிக்காரங்க பிள்ளைகள் பாதிப்பேர் அங்கதான் படிக்கிறாங்க. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு வர 2024 ஜூலை ஆச்சு. வயிறு ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணுதான், பள்ளிக்கூட போர்டுதான் வேற.

புதுமைப்பெண் திட்டமும் அப்படித்தான். முன்னால் பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு உதவின்னு கொடுத்ததை மாத்தி, காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபான்னு 2022-ல் கொண்டு வந்தாங்க. என் கண்ணுக்கு முன்னாடி இது வேலை செஞ்சது. எங்க ஊரில் ரெண்டு வீட்டில் மாப்பிள்ளை பேச்சு தள்ளிப் போயிருக்கு. ஆயிரம் பெரிய காசு இல்லை. "அவ படிப்பு அவ காசில் ஓடுது"ன்னு வீட்டில் ஒரு பேச்சுக்கு இடம் கிடைக்குது பாருங்க, அதுதான் பெரிசு. அதையும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிச்ச பிள்ளைகளுக்கு நீட்டினது 2024 டிசம்பர் 30-ல், நம்ம தூத்துக்குடியில் வைச்சுத்தான். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அது இன்னும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். அதனால் ஊரில் சிலர் ஆறாவதுக்கே கணக்குப் போட்டு அரசுப் பள்ளியில் சேர்க்குறாங்க. அதில் ஒண்ணும் தப்பில்லை. விதிக்குத் தகுந்த மாதிரித்தான் வீடு நடக்கும், எங்க அம்மா நடந்த மாதிரி.

கொரோனாவுக்கு அப்புறம் 2021 கடைசியில் வந்த இல்லம் தேடிக் கல்வியைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க ஊரில் காளியம்மன் கோயில் திண்ணையில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. பாடம் சொல்லிக் கொடுத்தது எங்க ஊருக்கே மருமகளா வந்த ஒரு டிகிரி படிச்ச பிள்ளை. மாசம் ஆயிரம் ரூபா. வீட்டில் வீட்டுப்பாடம் பார்க்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அதுதான் "குடும்பப் பின்னணி". படிச்ச அம்மா வீட்டில் இல்லைன்னா தெருவுக்கு ஒரு படிச்ச அம்மாவைக் கொண்டு வந்து உக்கார வைக்கலாம்னு அப்பத்தான் கண்ணால பார்த்தேன். கரிமூட்டக்காரர் பையனும் அங்க போயிருக்கான், அப்போ அவன் சின்ன வகுப்பு. கூட்டிக் கழிக்க அங்கதான் ஒழுங்காக் கத்துக்கிட்டான்னு அவங்க ஆச்சி இன்னைக்கும் சொல்லும்.

சாதியைத் தொடாம இதை எழுதினா பொய்யாப் போகும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நல்லாப் படிச்ச ஒரு பையனைக் கூடப் படிச்சவங்களே வீடு புகுந்து வெட்டினாங்க, தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினாங்க. அந்தப் பையன் அடுத்த வருஷம் பன்னெண்டாவதில் நல்ல மார்க் எடுத்தான். குடும்பப் பின்னணின்னு சொல்லும்போது நம்ம பக்கத்தில் இதுவும் அதுக்குள்ள இருக்கு. இது தனிப் பதிவு, தைரியம் வரும்போது எழுதுதேன்.

பையன் கதையை முடிக்கணும். அன்னைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பேச்சு தடிச்சது. கடைசியில் அவன் வகுப்பு டீச்சர் நடுவில் வந்து, "சார், என் பொறுப்பு, இருக்கட்டும்" என்றாங்க. அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் பத்தாவது போனான். சாயங்காலம் அரை மணி நேரம் அவனையும் இன்னும் மூணு பேரையும் உக்கார வைச்சு அந்த டீச்சர் கணக்குப் போட வைச்சாங்க. ரிசல்ட்டில் மத்த நாலு பாடமும் பாஸ், கணக்கில் போச்சு. அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நூறு சதவீதம் கிடைக்கலை. பேனர் இல்லை. டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

ஜூலையில் துணைத் தேர்வு எழுதிக் கணக்கையும் பாஸ் பண்ணிட்டான். இப்போ ஐடிஐயில் ஃபிட்டர். போன மாசம் என் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரைப் பிரிச்சு, வாஷர் மாத்திக் கொடுத்தான், காசு வாங்கலை. துணைத் தேர்வில் அவன் பாஸ் பண்ணினதைப் பார்த்து டீச்சருக்கு வந்த ஓலையை யாரும் திரும்ப வாங்கலை.

வர்ற வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் இருக்கு. நானும் அதில் ஒரு உறுப்பினர். இந்த வருஷம் ஒன்பதாவதில் சேர்ந்த பிள்ளைகள் பேரை வருகைப் பதிவேட்டில் இருந்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். வர்ற மிளகாய் எடுப்புக்கும் அந்த நோட்டைக் கையில் வைச்சிருப்பேன். அதில் பேர் இருக்கிற பிள்ளை எந்தக் காட்டில் பழம் பறிச்சாலும், முதலில் என் காட்டில்தான் போய்ப் பார்க்கணும்.